இரட்டைமலை சீனிவாசனாரும் நம் பிள்ளைகளின் ஆங்கிலச் சொற்களும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குப் பெருமகனார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, அண்ணல் அம்பேத்கரைப் பற்றி எழுதுவதென்றே முதலில் எண்ணினோம். ஆயின், அண்ணலின் வரலாற்றை நம் பிள்ளைகள் பாடநூலிலேயே படித்துவிடுகின்றனர். அவர் படம் மாட்டாத வீடும் நம் தெருவில் இல்லை. அண்ணலோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒருங்கே அமர்ந்தவரும், சிறு வயதில் நம் கோயமுத்தூரிலேயே கல்வி பயின்றவருமான திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரை நம்மவருள் பலர் பெயரளவிலேயே அறிவர். அப்பெயரையும் ஏதோ ஊர்ப் பெயர் என்று எண்ணுவோர் உளர்.

அவரைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. தொடக்கப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைப் பெருக்குவது எவ்வாறு என்னும் கேள்வி, கழகத்தின் ஆண்டுக் கூட்டங்களில் ஓயாது எழுந்துவரும் கேள்வியாகும். நாளொன்றுக்குப் பத்துச் சொல் மனப்பாடம் செய்யட்டும் என்பார் ஒருவர். அகராதி வாங்கித் தருவோம் என்பார் மற்றொருவர். ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. சீனிவாசனாரின் வாழ்க்கையைப் படித்தபின், இவ்விவாதத்தை வேறு வகையாகக் காணத் தொடங்கினோம். அதையே ஈண்டு எழுதுகின்றோம்.

சீனிவாசனார் 1860ஆம் ஆண்டையொட்டிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜூலை 7ஆம் நாள் அவர் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, அவர் குடும்பம் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் நிலைமை மாறாமையால் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தது. பிழைக்க வழி தேடி ஊர் ஊராய்ச் செல்லும் குடும்பத்தில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எத்துணை அரிய செயல் என்பதை நம் பெற்றோருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

கோயமுத்தூரில் அவர் படித்த பள்ளியில் ஏறக்குறைய 400 மாணாக்கர் இருந்தனர். அவர்களுள் 10 பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். எவருடனேனும் நட்புக் கொண்டால் வீடு எங்கே, குலம் யாது என்று கேட்பர். தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவர். இவ்வச்சத்தால் அச்சிறுவர் காலையில் பள்ளிக்குள் நுழைவதில்லை. வெளியே எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்தபின்னரே வகுப்புக்குள் செல்வார். மாலையில் வகுப்புக் கலைந்ததும், பிற மாணாக்கர் தம்மை எட்டிப் பிடிக்காதவாறு விரைந்து நடந்து வீடு சேர்வார். ஒத்த வயதுப் பிள்ளைகளோடு விளையாட முடியாத கொடுமையை எண்ணி எண்ணி மனம் கலங்கியதை, முதுமையில் எழுதிய தம் வரலாற்றில் அவரே பதிவு செய்துள்ளார்.

இச்செய்தியைப் படித்தபோது, நாம் நேரில் கண்ட ஒன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாலை வகுப்பில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். எழுதச் சொன்னால் ஐம்பது ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றி எழுதுவாள். சொல்லச் சொன்னால் வாய் திறவாள். மந்தபுத்தி என்று கருத இடமில்லை. எழுத்து அத்துணைத் தெளிவாக இருந்தது. பின்னரே உண்மை தெரிந்தது. பள்ளியில் ஒரு நாள் ஸ்கூல் என்பதை இஸ்கூல் என்று சொல்லிவிட்டாளாம். வகுப்பே சிரித்ததாம், ஆசிரியரும் சேர்ந்து சிரித்தாராம். அன்றோடு அவள் வாய் மூடிக்கொண்டது. எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது ஈண்டு வேண்டுவதன்று. சொல்லின் முன்னே மெய்யெழுத்து வரின் இகரம் சேர்த்து ஒலிப்பது தமிழ் நாவின் இயல்பு. அதற்காகச் சிரித்தவர்களும் வீட்டில் அவ்வாறே ஒலிப்பவர்கள்தாம்.

மொழி என்பது கூடி விளையாடுமிடத்தில் வளர்வது. கொடு, எடு, எனக்கு, உனக்கு, நான் முதலில் என்னும் சொற்களை எந்தப் பிள்ளையும் ஏட்டில் படித்து அறிவதில்லை. அவ்வாறு கூடுமிடம் மறுக்கப்பட்ட சிறுவர், சொற்களையெல்லாம் பள்ளிக்கு வெளியே தனியே அமர்ந்து புத்தகத்திலிருந்தே திரட்டியிருத்தல் வேண்டும். அது அவருடைய ஊக்கத்துக்குச் சான்று. ஆனால் அதனையே முறையென்று நாம் கொள்ளலாகாது. அவரைப் போன்று ஒருவர் தப்பி மேலேறினார் எனில், வெளியே நின்று வெளியிலேயே போய்விட்டவர் எத்தனை பேரோ!

பள்ளிப் படிப்புக்குப்பின் சீனிவாசனார் நீலகிரிக்குச் சென்று, ஆங்கிலேயர் வணிக நிறுவனமொன்றில் கணக்கராகப் பணியாற்றினார். 1887இல் ரெங்கநாயகி அம்மையாரை மணந்தார். அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு நெருங்கிய உறவினர். பண்டிதரும் நீலகிரியில் வாழ்ந்தவரே. கணக்கர் பணியைச் சிறிதாக எண்ணுதல் வேண்டா. வரவு, பற்று, நிலுவை, ஒப்பம், தேதி என்று நாள்தோறும் ஒரே சொற்களை எழுதியும் கேட்டும் பேசியும் பழகுமிடம் அது. ஒரு சொல்லை ஒருமுறை படித்தவனுக்கு அது மறந்துபோகும். அதைக் கொண்டு வேலை செய்தவனுக்கு மறப்பதில்லை.

1890இல் அவர் சென்னைக்கு வந்தார். அதனை அடுத்துப் பறையர் மகாஜன சபை தோன்றியது. 1893 அக்டோபரில், எப்பெயரைச் சொல்லிப் பிறர் இழித்தார்களோ அப்பெயரையே தலைப்பாக வைத்துப் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. முதலில் திங்களிதழாகவும் பின்னர்க் கிழமை இதழாகவும் வெளிவந்து, ஏறத்தாழ ஏழாண்டு நடந்தது. எழுத்தறிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த சமுதாயத்தில் ஓர் இதழை ஏழாண்டு நடத்துவது எளிதன்று. ஆண்டுக்கொரு மலர் வெளியிடுவதற்கே நாம் படும் பாடு நமக்குத் தெரியும்.

இதழ் தமிழில் வந்தது. ஆயின் அரசுக்குச் செல்லும் மனுக்கள் ஆங்கிலத்தில் செல்ல வேண்டியிருந்தன. இந்திய சிவில் சர்விஸ் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கேட்டுவந்த காலம் அது. இங்கே தேர்வு நடந்தால் மேல்சாதியாரே அதிகாரிகளாகி நம்மவர்மேல் ஆளுகை செலுத்துவர் என்று சீனிவாசனார் அஞ்சினார். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேரின் ஒப்பம் பெற்று, 112 அடி நீளமுள்ள மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இதற்காக அவரை ஆங்கிலேயர் ஆதரவாளர் என்று குறை கூறுவோர் இன்றும் உளர். அவ்வழக்கை ஈண்டு தீர்க்கப் புகவில்லை. 112 அடி நீளத்துக்கு ஒப்பமிட்டவர்களின் குறையை, கேட்க வேண்டியவரின் மொழியில் எழுதத் தெரிந்த ஒருவர் அவர்களிடையே இருந்தார் என்பதே நாம் கருதத்தக்கது. அவரும் இல்லையெனில் அக்குறை சேரிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

1900ஆம் ஆண்டு இலண்டன் செல்லும் நோக்கத்தோடு கப்பலேறியவர், ஆப்பிரிக்காவில் தங்கிவிட நேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு அவர் வெளிநாட்டில் வாழ்ந்தார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். அங்கு வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் ஒப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் இவரே.

நேட்டால் என்றால் என்னவென்று நம் இளைஞருக்குச் சிறிது விளக்க வேண்டும். 1860 நவம்பர் 16ஆம் நாள் துரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து சென்று தர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழரும் தெலுங்கரும் அதில் இருந்தனர். அதன்பின் 1911 வரை கப்பல்கள் ஓயவில்லை. அவ்வாறு சென்றோருக்கு கிர்மிட்டியா என்று ஒரு பெயர் வழங்கிற்று. அச்சொல் எங்கிருந்து வந்தது தெரியுமோ? அக்ரிமெண்ட் என்னும் ஆங்கிலச் சொல் கூலிகளின் நாவில் கிர்மிட் எனத் தேய்ந்து, அவர்களுக்கே பெயராயிற்று. எச்சொல்லின் பொருள் தெரியாமல் கைநாட்டு வைத்தார்களோ, அச்சொல்லே அவர்கள் பெயராகிவிட்டது. ஒரு சொல்லை அறியாமையால் விளையும் கேட்டுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அத்தகையோரின் நாட்டு நீதிமன்றத்தில்தான் சீனிவாசனார் மொழிபெயர்த்து நின்றார். கூண்டில் நிற்பவன் தமிழன். தீர்ப்புக் கூறுபவர் வெள்ளையர். அடித்தான் என்பதற்கும் தள்ளினான் என்பதற்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் பிசகினால் ஒருவனுக்குச் சிறை. அகராதிப் புலமை மட்டும் அங்கே போதாது. எந்தச் சொல் எவ்விடத்தில் எவ்வளவு எடை உடையது என்பதைச் சீனிவாசனார் நன்கு அறிந்திருந்தமைக்குப் பிற்காலத்து அவர் சட்டமன்றப் பணியே சான்று. அப்பணிக்கே இப்போது வருகின்றோம்.

தாயகம் திரும்பிய அவர் 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு, 1924 ஆகஸ்டில், அவர் கொண்டுவந்த தீர்மானம் வரலாற்றில் இடம் பெற்றது. எவ்வகுப்பைச் சேர்ந்த எவரும் எந்த நகரிலும் சிற்றூரிலும் பொதுச் சாலை, தெரு, நடைபாதை வழியே நடந்து செல்லத் தடையில்லை; பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றில் மற்றச் சாதி இந்துக்களைப் போலவே, அதே அளவில், நுழையவும் பயன்படுத்தவும் தடையில்லை என்பது அதன் சாரம். அரசு அதனை ஏற்று ஆணையாக வெளியிட்டது.

அத்தீர்மானத்தின் ஆங்கில வாசகத்தை நம் மாலை வகுப்பு ஆசிரியர்களோடு அமர்ந்து சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தோம். வியப்படைந்தோம். ரோடு, ஸ்ட்ரீட், பாத்வே, டவுன், வில்லேஜ், ஆபீஸ், வெல், டேங்க். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பாடநூலில் படத்தோடு வரும் சொற்கள்! சட்டம் என்றால் வாயில் நுழையாத நெடுஞ்சொற்களால் ஆனது என்று நாம் எண்ணியிருந்தோம். நடக்க விடாத வழிகளையும் மொள்ள விடாத நீரையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார் அப்பெருமகனார். தெரு என்று மட்டும் எழுதியிருந்தால், இது தெருவன்று, நடைபாதை என்று தப்பிக்கலாம். கிணறு என்று மட்டும் எழுதியிருந்தால் குளத்தை மூடலாம். இத்தகைய பொந்துகளை வைக்காத எழுத்து அது.

நம் ஊரின் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: கிணத்துக்கடவு. கிணறும் அதிலேயே இருக்கிறது. வழியெனப் பொருள்படும் கடவும் அதிலேயே இருக்கிறது. அத்தீர்மானத்தின் இரு சொற்களை ஊர்ப் பெயராகவே உடைய நாம், அவற்றின் ஆங்கிலத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எவ்வளவு கடமைப்பட்டவர்கள்! நம் முன்னோர் ஊர்க் கிணற்றினின்று எட்டி நின்று, யாரேனும் இரங்கி ஊற்றும் தண்ணீருக்குக் குடத்தை ஏந்தியவர்கள். ஆணை வெளிவந்த மறுநாளே கிணறுகள் திறந்துவிடவில்லை. 1955இல் நாடு முழுமைக்கும் தீண்டாமைக் குற்றச் சட்டம் வரவேண்டியிருந்தது, 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆயினும் கேட்பதற்குக் கையில் ஓர் எழுத்து இருந்தது.

எட்டுப் பெயர்ச்சொற்களை எளிதில் கற்பித்துவிடலாம். அத்தீர்மானத்தில் வேறு இரு சொற்கள் உண்டு; அவையே அதன் உயிர். ஒன்று, பப்ளிக். மற்றொன்று, எனி. பப்ளிக் என்றால் யாது என்று வகுப்பில் கேட்டபோது, பப்ளிக் பரீட்சை என்று விடை வந்தது. அண்ணனும் அக்காளும் எழுதும் பரீட்சை என்ற அளவில் பிள்ளைகள் அதனை அறிந்திருந்தனர். நம் பகுதியில் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு உண்டு, அது தோட்டக்காரருடையது. தெருமுனைக் குழாய் யாருடையது என்று கேட்டோம். ஊராருடையது என்றனர். அதுதான் பப்ளிக் என்றதும், பொதுச் சாலை, பொது அலுவலகம், பேருந்து நிலையம் என்று பிள்ளைகளே அடுக்கத் தொடங்கினர். எனி என்பதைப் பாடநூல்கள் இலக்கணத்துணுக்காக வைத்து விரைந்து கடந்துவிடுகின்றன. எவரும், எந்தத் தெருவும் என்று இரு பொருளிலும் அச்சிறு சொல்லே தீர்மானத்தைத் தாங்குகிறது. அது நீங்கின் அவர் பெற்றது ஒன்றுமில்லை.

பொருள் மயக்கம் ஒன்றையும் குறிப்பிடுதல் நலம். டேங்க் என்றதும் நம் பிள்ளைகள் கையை உயர்த்தி மேல்நிலைத் தொட்டியைக் காட்டினர். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அது குளத்தைக் குறித்தது. வெல் என்றால் கிணறு. நலமா என்று வினவினால் விடையாகவும் அதே ஒலி வரும். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யும் பிள்ளை இடறிவிழும். வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பழகிய பிள்ளை இடறுவதில்லை.

வாய் திறவாத அச்சிறுமி என்ன ஆனாள் என்று வினவுவீர்கள். அவளைப் பாடம் ஒப்பிக்கச் சொல்வதை நம் ஆசிரியை நிறுத்தினார். குழாயடியில் நாள்தோறும் என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்லச் சொன்னார். பைப்பு, பக்கெட்டு, லைன், டேங்க் என்று அவள் பேச்சினூடே ஆங்கிலச் சொற்கள் தாமே வந்தன. அவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, இத்தனை சொல் உனக்கு முன்பே தெரியும் என்றார். தக்காளிச் சந்தைக்குப் பெட்டி சுமக்கும் தந்தையரின் பிள்ளைகளுக்கு பாக்ஸ், லோடு, ரேட்டு என்பன தெரியாதவையோ? இவ்வாறு தெரிந்ததிலிருந்து தொடங்கி, நாளொன்றுக்கு மூன்று நான்கு புதிய சொற்களைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் பிள்ளை தானே ஒரு வாக்கியத்தில் சொல்லுமாறு செய்தல் நம் வகுப்பின் வழக்கமாயிற்று. பிழை நேர்ந்தால் எவரும் சிரித்தலாகாது என்பது மட்டும் அங்கே கண்டிப்பான விதி. அச்சிறுமி பேசுவதற்கு மூன்று திங்கள் ஆயின. இஸ்கூல் என்றுதான் இன்றும் சில வேளை சொல்கிறாள்.

சீனிவாசனாரின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்லலாம். 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் என அரசு பட்டங்கள் அளித்தது. 1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் தாழ்த்தப்பட்டோர் சார்பாக அண்ணல் அம்பேத்கரும் இவரும் பங்கேற்றனர். அண்ணலுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. இவரோ எழுபதை எட்டியவர். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டோருள் இவரும் ஒருவர்.

அப்பயணத்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்த நிகழ்ச்சியை அவர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் வினவினார். அதற்குரிய ஆங்கிலச் சொல் மன்னருக்குத் தெரிந்ததே, பொருள்தான் விளங்கவில்லை. சீனிவாசனார் சொல்லுக்குச் சொல் விளக்கம் கூறவில்லை. தாழ்த்தப்பட்டவன் ஒருவன் தெருவில் விழுந்து கிடந்தால் மேல்சாதியான் அவனைத் தொட்டுத் தூக்கமாட்டான் என்று ஒரு காட்சியை எடுத்துச் சொன்னார். மன்னர் திடுக்கிட்டார். அகராதியில் இல்லாத பொருளை ஒரு காட்சியால் விளக்கும் அம்முறை, மணி அடிக்கும் வரை வெளியே அமர்ந்திருந்த சிறுவரிடமிருந்து வளர்ந்த முறை.

ஆங்கிலத்தால் இத்துணை செய்தவர், 1939இல் தம் வரலாற்றை எழுதியபோது தமிழிலேயே எழுதினார். ஜீவிய சரித்திர சுருக்கம் என்பது அந்நூலின் பெயர். நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் படிக்கத்தக்க சிறு நூலே அது. 1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

ஆண்டுதோறும் ஜூலை 7 அன்று நம் மாலை வகுப்பில் வேறு பாடம் நடப்பதில்லை. கரும்பலகையில் அந்த எட்டுச் சொற்களை எழுதி, அவற்றோடு பப்ளிக், எனி இரண்டையும் சேர்த்து, பிள்ளைகள் தம் ஊரைக் குறித்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதுகின்றனர். சென்ற ஆண்டு வாக்கியம் சொல்ல முதலில் எழுந்து நின்றவள் அச்சிறுமி; இவ்வாண்டு அவள் ஏழாம் வகுப்பு.